புழுங்கலரிசியும் பால்மரமும்

நடுவர் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைய வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நாட்டின் அறிவியல் வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது அரசா, தனியாரா என்பதுதான் இன்றைய வழக்கு. அரசே என்பது எங்கள் அணி. தனியார் நிறுவனங்கள்தான் என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். கோவிட் தடுப்பூசியைச் சாட்சிக்கு இழுத்தார். மொடர்னா ஊசியை உருவாக்கியதில் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதாரக் கழகங்களுக்கும் பங்கு உண்டு. அங்குள்ள விஞ்ஞானிகள் கொரோனா வகைக் கிருமிகளை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். நண்பர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சரி, அமெரிக்கா எதற்கு? நம் கோலாலம்பூருக்கே வருவோம். ஜாலான் பகாங்கில் பல்லாண்டு இயங்கிய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறதே, அது 1900-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நடை தளர்ந்து, கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெரிபெரி நோய். தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் அது அவ்வளவாக வரவில்லை. நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி! அன்று இங்கே அரசு மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, வெள்ளையரிசியில்தான் கோளாறு என்றார். பலர் ஏற்கவில்லை.

கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலான் காட்டுக்கே போனார்கள். அங்கே சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களில் ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்டவர்களுக்குத்தான் நோய் கண்டது. மனிதர்களை வைத்து அப்படிச் சோதிக்க இன்று யாரும் விடமாட்டோம், விடவும் கூடாது. ஆனால் தீட்டும்போது தவிட்டோடு போவது உயிர்ச்சத்து என்ற உண்மைக்கு வழி திறந்ததில் அந்த ஆய்வுக்கும் பெரும் பங்கு உண்டு. வைட்டமின் என்ற பெயர்கூடப் பிறக்காத காலம் அது. இந்த ஆராய்ச்சிக்கு எந்த அரிசி ஆலை பணம் கொடுத்திருக்கும்? தீட்டி வெளுப்பாக்குவதுதானே அவர்கள் பிழைப்பு?

அப்புறம் ரப்பர். என் பாட்டி சுங்கை பூலோவில் ஆர்.ஆர்.ஐ. தோட்டத்தில், அதாவது அரசு அமைத்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டத்தில், பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மற்ற தோட்டங்களில் எல்லா மரத்துப் பாலையும் ஒரே வாளியில் ஊற்றிவிடுவார்கள். பாட்டி வெட்டிய சோதனை நிரையில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். பாலைக் கோப்பையிலேயே உறையவைத்து, அந்தக் கட்டியை அதே மரத்தில் கம்பியில் கோத்துக் காயவிட்டு, மரம் மரமாக நிறுத்து எழுதுவார்கள். எண் மாறிவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் வீண் என்பதால் கோக்கும்போது வாய்விட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே கோப்பாராம்.

கன்று நட்டு ஆறேழு வருஷம் கழித்துத்தான் கத்தி வைக்க முடியும். பிறகும் வருஷக்கணக்கில் நிறுத்துப் பார்த்தால்தான் எது நல்ல மரம் என்று தெரியும். இப்படிப் பொறுமையாக அந்தக் கழகம் தேர்ந்தெடுத்த மரம்தான் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்ற ரகம். தாய்லாந்துக்கும் கேரளத்துக்கும் போய் வேரூன்றிய மரம். நம் நாட்டில் ஐந்தேக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரரும், பெரிய கம்பெனிக்காரர் நட்ட அதே கன்றைத் தம் நிலத்தில் நட்டார், நடுவர் அவர்களே!