உயிலா, அறக்கட்டளையா? உயில் அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குடும்பத்தைக் காப்பது அறக்கட்டளையே' என்று பேசினார் எதிரணி நண்பர். இங்கே அறக்கட்டளை என்பது, அறங்காவலர் என்னும் பொறுப்பாளரிடம் சொத்தை ஒப்படைத்து, குடும்பத்துக்காக அவர் நிர்வகிக்கும் ஏற்பாடு. அவர் உயில்மீது மூன்று குறை சொன்னார். வழக்கு வந்தால் நிற்காது, சின்னஞ்சிறு பிள்ளைகளைக் காக்காது, தொலைந்துபோகும் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், உயில் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. பிறகு அந்தத் தாயும் உயிலின்றி இறந்தால், அவருடைய கால் பங்கில் அவருடைய மற்றப் பிள்ளைகளும், அதாவது இறந்த மகனின் உடன்பிறந்தவர்களும், பங்காளிகள். குடியிருக்கும் வீட்டை விற்க அந்த மனைவி கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். குழந்தை இல்லாத, கணவரை இழந்த பெண் தானே உழைத்துச் சேர்த்த சொத்து, உயில் இல்லாவிட்டால் முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய் தந்தை அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். இதைத் தடுக்க இரண்டு தாள் போதும், நடுவர் அவர்களே!

வழக்குக்கு வருகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. கட்டாயமானவை எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும். எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சிகள் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். உயில்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சொத்துப் பெறும் மகனே சாட்சியாக நிற்பார்; அல்லது எண்பது வயது நண்பர்கள் இருவரும் சாட்சிகளாக இருப்பார்கள், வழக்கு வரும்போது இருவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். பதிவு செய்த உயிலையும் சாட்சி சொல்லித்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் வயதில் இளைய, பயன்பெறாத இருவரைத் தேர்ந்தெடுங்கள், முகவரியோடு எழுதுங்கள். எழுதுபவர் முதியவர் என்றால், அன்றைய தேதியிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி இணையுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள். காரணம் சொல்லாமல் ஒதுக்குவதுதான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாம் எழுதிவிட்டுப் பலர் ஒன்றை மறக்கிறார்கள்: 'இதில் சொல்லாத, இனி நான் சேர்க்கப்போகும் மற்றச் சொத்தெல்லாம் இன்னாருக்கு' என்ற வரி. அது இல்லாவிட்டால், பின்னால் வாங்கிய மனை உயிலுக்கு வெளியே நிற்கும். அறக்கட்டளைக்கும் இதே சிக்கல் உண்டு, அங்கே இன்னும் பெரிதாக. அதன் பெயருக்கு மாற்றிய சொத்துக்குத்தான் அது பொறுப்பு. மாற்றாத சொத்துக்கு மறுபடி உயில்தானே எழுத வேண்டும்?

அடுத்து, சிறு பிள்ளைகள். எதிரணி நண்பர் மேற்கோள் காட்டிய அதே 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை முழுதாகப் படியுங்கள். நிலம், வீடு சார்ந்த அறக்கட்டளையைப் பதிவு செய்த பத்திரத்தால் உருவாக்கலாம், உயிலாலும் உருவாக்கலாம். ஆகவே, 'என் மகளுக்கு 25 வயது ஆகும்வரை இன்னார் அறங்காவலராக இருந்து, வாடகையில் அவள் படிப்பைப் பார்க்க வேண்டும். அவர் இயலாது போனால் இன்னார்' என்று உயிலுக்குள்ளேயே எழுதலாம். வாழும்வரை சொத்து உங்கள் கையில். மனம் மாறினால் புதிதாக எழுதலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொத்துக்காரர் நினைவிழந்து படுத்துவிட்டால் உயில் உதவாது, ஏனென்றால் அது இறப்புக்குப் பிறகே பேசும். அந்த அச்சம் உள்ளவர், அல்லது ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையை உடையவர், இன்றே அறக்கட்டளை அமைப்பது சரி. எல்லாக் குடும்பத்துக்கும் அதுவே மருந்து என்பதைத்தான் மறுக்கிறேன்.

கடைசியாக, தொலைந்துபோகும் என்றார். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எழுதியவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மட்டுமே திரும்பப் பெற முடியும். இறந்தபின் விண்ணப்பித்தால் பதிவாளர் உறையைத் திறந்து பதிவேட்டில் படியெடுப்பார். அது அங்கே இருக்கிறது என்பதை, உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரிடம் மறக்காமல் சொல்லிவையுங்கள். நன்றி, வணக்கம்.