வாய்க்கு வந்தால் காலுக்கு வரும்

நேயர்களுக்கு வணக்கம். பகலில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மதுரை செல்லூரில் ஒரு மொட்டைமாடியில் நாடகம் பழகுகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர். தூர்ந்துபோன ஒரு கண்மாயின் கதையை நாடகமாகப் போடுகிறோம். கண்மாய் நிறைந்த அன்று ஊரே ஒயிலாட்டம் ஆடுகிறது என்று அதில் ஒரு காட்சி. அதற்காகத்தான் 43 வயதில் ஆடக் கற்றுக்கொண்டேன்.

மதுரையில் நாடகத்துக்குக் குறைவில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆடுவதற்கென்றே தனியாக ஒருவர் வருவார். எங்களைப் போன்ற குழுவில் அந்த வசதி கிடையாது, எல்லோரும் ஆடியாக வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு குழுவில், ஆட்டம் வந்தாலே என் கையில் ஈட்டியைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அது ரொம்ப நாள் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒயில் என்றால் அழகு. வரிசையாக நின்று, காலில் சலங்கை, கையில் துணி, எல்லோரும் ஒன்றாக அடியெடுத்து வைக்கும் ஆட்டம். ஆண்கள் ஆடிவந்தது; இப்போது பெண்களும் ஆடுகிறார்கள், எங்கள் வரிசையிலும் நான்கு பேர் உண்டு. ஒருவர் கால் பிசகினால் வரிசை முழுவதும் தெரியும். முதல் வாரம் முழுக்கப் பிசகியது என் கால்தான். பக்கத்தில் ஆடுகிறவரின் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் தவிலை நிறுத்திவிட்டு அருகே வந்தார். "காலைப் பாக்காதீங்க தம்பி. பாத்து வச்சா பிந்தித்தான் விழும். மொதல்ல வாயால சொல்லுங்க. வாய்க்கு வந்தாத்தான் காலுக்கு வரும்" என்றார்.

மூன்று நாள் என்னை ஆடவே விடவில்லை. உட்கார்ந்து, தொடையில் தட்டி, 'தகிட தகிட' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் என் தப்பு எனக்கே விளங்கியது. இது மூன்று எண்ணிக்கை. வலது, இடது, வலது என்று முடிந்தால், அடுத்த 'த' இடதுகாலில் விழும். அழுத்தம் கால் மாறி மாறி வரும். நானோ நடக்கிற பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் வலதுகாலிலேயே தொடங்கிக்கொண்டிருந்தேன். இவனுக்குக் கால் சரியில்லை என்று இத்தனை வருஷம் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். காலில் ஒரு குறையும் இல்லை. தாளத்தைக் காதால் கேட்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

செல்லூர் தறிக்குப் பேர்போன இடம். மாடிக்குக் கீழே தறி ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை அது எனக்கு இரைச்சல். நான்காம் நாள் ராத்திரி படியிறங்கும்போது அந்தச் சத்தத்தின் மேல் என் வாய் தானாகத் 'தகிட' போட்டது. அப்புறம் படியில் கால் மாறி விழுந்தது. இறங்கியவன் திரும்ப மேலே ஏறிப்போய் வாத்தியாரிடம் ஆடிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஜோடி சலங்கையை எடுத்து, குனிந்து என் காலில் அவரே கட்டிவிட்டார். பெரியவர் அப்படிக் குனிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சலங்கை கட்டியபின் இன்னொன்று புரிந்தது. தப்பாக வைத்தால் அது உடனே சொல்லிவிடும். பன்னிரண்டு பேரின் சலங்கையும் ஒரே சத்தமாக விழும்போது நம்முடையது தனியாகக் கேட்காது.

முன்னே போவதும் பின்னே வருவதும் இப்போது பிசகுவதில்லை. துணியை வீசிக்கொண்டு சுற்றும் இடத்தில் மட்டும் இன்னும் அரை அடி பிந்துகிறேன். இன்று ராத்திரி எட்டு மணிக்கு அதைத்தான் பழகப் போகிறோம். வணக்கம்.