பாடிக் கறக்கிற மாடு

(பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டுமான மேலாண்மை மாணவர்களிடம் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, காலையிலிருந்து என்னை விழுந்து விழுந்து கவனித்த துறைத்தலைவர் அவர்களே, ஈரோட்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பொன்னாடைக்குப் பதில் சென்னிமலைப் போர்வை போர்த்திய தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. நெய்தவர் வீட்டில் அடுப்பெரியும்.

மென்திறன், அதாவது மனிதர்களோடு பழகி வேலை வாங்குகிற திறன் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: காது கொடுத்துக் கேட்பது, அன்றாடம் நடந்ததை எழுதி வைப்பது, வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களோடு பேச நாலு வார்த்தை இந்தி.

எங்கள் அப்பாரு காங்கேயம் மாடு வைத்திருந்தவர். 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்' என்பார். அது எனக்கு 1999-இல்தான் புரிந்தது.

ஈரோடு போகிற வழியில் ஒரு மில் கட்டடம், வேலைக்கு நான் பொறுப்பு. தளம் போடுகிற நாள். ஆறு மணிக்கே மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் கான்கிரீட் விழுந்த பிறகும் மேஸ்திரியைக் காணோம். ஏழரைக்கு வந்தார். முப்பது பேர் பார்க்க, 'இதுதான் நீ வர்ற நேரமா?' என்று கேட்டுவிட்டேன். சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிற ஊர் இது. என் அப்பா வயதுக்காரரை 'நீ' என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கரண்டியைக் கழுவி வைத்தார், வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். அவர் ஆட்கள் எல்லாரும் கான்கிரீட் சுமந்த பாண்டுகளை இறக்கிவிட்டார்கள்.

தண்ணீர் பட்ட சிமென்ட் காத்திருக்காது. போட்டது இறுகிவிட்டால் அப்புறம் போடுகிற கான்கிரீட் அதோடு சரியாக ஒட்டாது, மழைக்கு அந்த இடம் ஒழுகும். மணியைப் பார்க்கிறேன், கை நடுங்குகிறது. அப்போது வயதான சித்தாள் ஒருவர் பக்கத்தில் வந்தார். 'சாமி, அவரு பொண்ணுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சலுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து நேரா வந்திருக்காரு. போயி வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடுங்க.' போனேன். 'வாங்கண்ணா, தெரியாமப் பேசிட்டேன்' என்றேன். அவ்வளவுதான், எழுந்து வந்தார். விளக்குப் போட்டு ராத்திரி எட்டுக்குத் தளம் முடிந்தது. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்.

கிளம்பும்போது அந்தம்மாவிடம், 'உங்களுக்கு என்ன செய்யட்டும்?' என்று கேட்டேன். காசு கேட்பார் என்று நினைத்தேன். 'ஒதுங்க ஒரு மறைவு கட்டிக் கொடுங்க. அதுக்குப் பயந்தே காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்கலீங்க' என்றார். மூன்று மாதமாக அதே இடத்தில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

குடிநீரும் கழிப்பறையும் வைக்க வேண்டும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் அவர்கள் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1996-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. இன்றைக்கும் எத்தனை இடத்தில் சித்தாள்கள் சோளக்காட்டைத் தேடிப் போகிறார்கள்! மாட்டுக்கே தண்ணி காட்டாமல் அப்பாரு கறக்கப் போனதில்லைங்க.

மற்ற இரண்டுக்கும் நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். சங்கத் தலைவர் அவர்களே, உங்கள் உறுப்பினர்கள் கட்டுகிற இடத்தில் முதல் லோடு ஜல்லி இறங்கும் முன்னே பெண்களுக்குக் கழிப்பறை நிற்கட்டும். தம்பி தங்கைகளே, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறீர்கள். அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று ஒரு சித்தாளிடமே கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் போடுவதாக மேடை ஏறும் முன் துறைத்தலைவர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.