தேறிய ஜோடியில் தவறிய தையல்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், வேலூர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம். வீட்டிலும் பணியிடத்திலும் மனிதரை நேர்மையாக வைத்திருப்பது மனசாட்சியா, சட்டமா என்பது இன்றைய கேள்வி. மனசாட்சியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "மனசாட்சி நம் பாலாற்றைப் போன்றது, பேர் இருக்கும், பாலம் இருக்கும், தண்ணீர்தான் இருக்காது. 1903இல் வெள்ளம் வந்தது, 2021இல் வெள்ளம் வந்தது, அதை நம்பி யாராவது பயிர் வைப்பார்களா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில், அந்த ஆற்றின் கரையில் பிறந்தவள் நான். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது.

பயிர் வைத்தார்கள் ஐயா. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, நம் மண்ணில் மட்டும் சுமார் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, வெயில் காலத்தில் மேலே வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அந்த மணலுக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருந்த ஆறு. ஆற்றுப் படுகையிலிருந்து ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்த அடிநீரை வயலுக்குக் கொண்டுபோய் நெல் விளைவித்தவர்கள் நம் பாட்டனார்கள். என் அம்மா சிறுமியாக இருந்தபோது, சித்திரை மாதத்தில் முழங்கை ஆழம் மணலைத் தோண்டிவிட்டுக் காத்திருந்து, ஊறி வரும் நீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பியிருக்கிறார். பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவருக்கு அது வறண்ட ஆறு; குனிந்து தோண்டியவருக்கு அது குடிநீர். நண்பர் சொன்ன உவமையை நான் மறுக்கவில்லை. அதை அவர் பாலத்தின் மேல் நின்றபடி சொல்லிவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து அவர், "அந்த ஆற்றைத் தோல் கழிவு கெடுத்தபோது காப்பாற்ற வந்தது மனசாட்சியா? உச்ச நீதிமன்றம் அல்லவா?" என்றும் கேட்டார். தீர்ப்பு வந்தது உண்மை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நம் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது 1974இல். சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கும்போதேதான் இத்தனை நிலமும் உவர்ந்தது. அதைத் தட்டி எழுப்ப, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற பெயரில் இந்த ஊர்க்காரர்கள் 1991இல் தில்லிக்குப் போக வேண்டியிருந்தது. போகச் சொல்லி அவர்களுக்கு எந்தச் சட்டம் உத்தரவு போட்டது? போகாமல் வீட்டில் இருந்திருந்தால் எந்தக் காவலர் வந்து பிடித்திருப்பார்?

தோல் தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தத் தொழிலால்தான். என் அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைத்தவர். துளையிட்ட தோலும் அளவாக நறுக்கிய நூலும் கட்டாக வரும். தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் பன்னிரண்டு ஜோடி தைத்துக் கொடுத்தார்; ஏஜெண்டு வீட்டில் செக்கிங் முடிந்தது, எல்லாம் தேறியது, கூலியும் கைக்கு வந்துவிட்டது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையைப் பெருக்கும்போது, மிஞ்சிய நூல் துண்டுகளில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு விரற்கடை நீளமாக இருப்பதைப் பார்த்து, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். எங்கோ ஒரு துளையில் நூல் ஏறவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. டார்ச் விளக்கை என் கையில் கொடுத்து, "வா பாப்பா" என்று அழைத்துக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்த ஏஜெண்டு, "இன்னாமா இந்த நேரத்துல?" என்றார். அம்மா விவரம் சொன்னார். "செக்கிங்லயே தேறிடுச்சி, உள்பக்கம் இருக்கிற தையலு, யாருக்குத் தெரியப் போவுது? போய்ப் படுமா" என்றார் அவர். அம்மா வாசலை விட்டு நகரவில்லை. "போட்டுக்கினு நடக்கிறவங்களுக்குத் தெரியும்ண்ணா" என்றார்.

அந்த இடத்தை மறுபடியும் பாருங்கள் என்று நடுவர் அவர்களை வேண்டுகிறேன். எதிரணியினர் கேட்கும் எல்லாமே அந்த வாசலில் இருந்தன. விதி இருந்தது, சோதனை இருந்தது, சோதித்தவரே தேறியது என்று சொல்லியாகிவிட்டது. ஏஜெண்டையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் தமக்கு வகுத்த வேலையைச் சரியாகச் செய்தவர், தைத்ததெல்லாம் கட்டிய சாக்கு காலையில் வண்டிக்குப் போக வேண்டும், தூக்கம் வேறு. சட்டத்தின் கணக்குப்படி அந்த இரவில் எல்லோரும் நேர்மையானவர்கள். மிச்சமிருந்தது ஒரு விரற்கடை நூல் மட்டுமே. அதை அளக்கும் கோல் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அம்மா சாக்கை அவிழ்த்து, தம் கையால் தைத்த இருபத்து நான்கையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் விரலை விட்டுத் தடவினார். பதினேழாவதில் விரல் நின்றது. வாசல் பல்பின் கீழே உட்கார்ந்து அவிழ்த்துத் திரும்பத் தைத்தார். அதற்குக் கூலி இல்லை. அந்த ஷூவை வாங்கியவர் எந்த நாட்டில் நடந்தாரோ, எங்களுக்குத் தெரியாது. ஆம்பூரில் ஓர் இரவு தம் பாதத்துக்காக ஒரு பெண்மணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கும் தெரியாது.

இந்த ஊர் மருத்துவத்துக்குப் பேர் பெற்றதும் இதே வழியில்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்ட அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்து 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே திறந்தார். அவர் படிக்காமல் இருந்திருந்தால் அது குற்றமாகியிருக்காது.

நேரம் முடிகிறது என்று மணி சொல்கிறது. ஒன்றே ஒன்று சொல்லி விடைபெறுகிறேன். போன ஆண்டு அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் புதுச் செருப்பு ஒன்று வாங்கி அவர் மடியில் வைத்தேன். எப்படி இருக்கிறது, என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. செருப்பைப் புரட்டி, வாரின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து, தையலோடு தையலாக மெல்லத் தடவிக்கொண்டே போனார். கடைசித் துளை வரை போய், பிறகு முகம் மலர்ந்து, "யாரோ நல்லா தைச்சிருக்காங்க பாப்பா" என்றார்.

அதைப் போட்டுக்கொண்டு அவர் நடக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த ஜோடி எங்கள் வீட்டு நிலைப்படியின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். இன்று இங்கே வரும்போதும் அப்படித்தான் வந்தேன், நடுவர் அவர்களே. வணக்கம்.