வண்டியில் யாருக்கு இடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் துபாய், குவைத், இல்லையென்றால் கப்பல் வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தெற்கு சூடான், ஏமன், சோமாலியா மாதிரி நாடுகளில் நிவாரணத் திட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். நர்ஸ், குடிநீர்த் திட்ட இன்ஜினியர், ஸ்டோர் கீப்பர், ஜெனரேட்டர் மெக்கானிக், கணக்குப் பார்ப்பவர் என்று எல்லா வேலைக்கும் ஆள் போகிறது. அப்படிப்பட்ட திட்டங்களில் பணியாளர்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. "அங்க திடீர்னு சண்டை வந்தா என்னா சார் பண்ணுவீங்க?" என்று என் தெருவில் கேட்காத ஆள் இல்லை. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சண்டை வந்தால் கிளம்பி வந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கிளம்புவது கடைசிப் படி. தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது காரில் ஏறுவதைவிட ஆபத்தான காரியம் கிடையாது. அதனால் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கப் பார்ப்போம். அரிசி, பருப்பு, தண்ணீர், டீசல், மருந்து எல்லாம் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குத் தாங்குகிற அளவு எப்போதும் ஸ்டோரில் இருக்க வேண்டும். அடுத்த படி, அதே நாட்டுக்குள் அமைதியாக இருக்கிற வேறு ஊருக்கு நகர்வது. எல்லை தாண்டுவது அதற்கும் பிறகு.

எந்த வழியாகத் தாண்டுவது? இங்கேதான் காகிதத்தில் எழுதிய திட்டம் பல்லை இளிக்கும். சூடானில் 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலையில் சண்டை வெடித்தது. தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையம் முதல் நாளே போர்க்களமாகிவிட்டது, நின்றுகொண்டிருந்த விமானங்கள் எரிந்தன. ஏர்போர்ட்டை மட்டும் நம்பித் திட்டம் போட்டவர்களின் கதை அன்று காலையிலேயே முடிந்தது. கடைசியில் ஐ.நா. ஆட்கள் உட்பட சுமார் 700 பேர் வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு 35 மணி நேரம் சாலைவழியாகவே போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போனார்கள். சூடானிலிருந்து இந்தியர்களை மீட்க நம் அரசு நடத்திய 'ஆபரேஷன் காவேரி'யில் வந்தவர்களிலும் பெரும்பாலோர், 800 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி அதே துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் ஜெட்டாவுக்குக் கப்பலோ விமானமோ ஏறினார்கள்.

அதனால்தான் ஒழுங்கான அலுவலகத்தில் வண்டியின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது ரிவர்ஸ் எடுத்து, முகப்பு கேட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்தச் சொல்வோம். புதிதாக வருகிற டிரைவர் இதென்ன வீண் வேலை என்று முணுமுணுப்பார். குறைந்தது இரண்டு வழிகள் தேர்ந்தெடுத்து, வெயில் காலத்தில் ஒரு முறை, மழைக் காலத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலம் தாங்குமா, ஆறு ரோட்டை மூடுமா, செக்போஸ்ட்டில் இருக்கிற பையன்கள் யாருடைய ஆட்கள் என்பதெல்லாம் மேப்பில் தெரியாது, டிரைவருக்குத்தான் தெரியும். திட்டம் எழுதும் கூட்டத்துக்கு டிரைவரைக் கூப்பிடாத அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதிவைத்த பைலைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எப்போது கிளம்புவது என்பது அதைவிடக் கஷ்டம். தூதரகம் அறிவிப்பதற்கு முன்னாலேயே கடைத்தெரு சொல்லிவிடும். மொத்த வியாபாரி சரக்கை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றுவார். அரிசி, மாவு மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் பலகை தெரியும். ஏடிஎம்மில் பணம் இருக்காது, பெட்ரோல் பங்கில் கேன்களோடு கூட்டம் நிற்கும். நம் அலுவலகக் காவலாளி, "ஊரில் ஒரு கல்யாணம்" என்று சொல்லிப் பெண்டாட்டி பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பிவைப்பார். அடுத்த வாரம் டீ கொண்டுவருகிற அம்மா வீட்டிலும் அதே மாதிரி ஒரு கல்யாணம் வரும். இப்படி இத்தனை அறிகுறிகள் சேர்ந்தால் யாரையும் கேட்காமல் கிளம்பிவிடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால், "இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே, பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது" என்று இழுத்துக்கொண்டே போகும். நான் விடாப்பிடியாக வைத்திருந்த விதி இதுதான்: தலைமை அலுவலகம் எங்களைக் கிளம்பு என்று உத்தரவிடலாம், இரு என்று உத்தரவிடக்கூடாது. பயணிகள் விமானம் ஓடும்போதே டிக்கெட் எடுத்து வந்துவிட்டால் 'அவசர அவசரமா ஓடிட்டாங்க' என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. அந்த வண்டியில் யார் யாருக்கு இடம்?

பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி, நாட்டை விட்டுக் கூட்டிப்போவது வெளியிலிருந்து வந்த பணியாளர்களை மட்டும்தான். அந்த நாட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சில மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைக்கும், பத்திரமான ஊருக்குப் போக உதவி கிடைக்கலாம். எல்லை தாண்டுவது விதிவிலக்கு. ஆனால் நிவாரண வேலையில் கொல்லப்படுகிறவர்கள் ஆண்டுதோறும் மிகப் பெரும்பாலும் இந்த உள்ளூர்க்காரர்கள்தான்.

வடசென்னைக்கு இது புரியாத விஷயமில்லை. நம் வியாசர்பாடியில் குடியேறிய பர்மா குடும்பங்கள் பலவும் 1960களில் கப்பலில் வந்தவை. பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று நாம் சாப்பிடுகிற அத்தோ நூடுல்ஸ் அவர்கள் கொண்டுவந்ததுதான். அதற்கும் முன்னால், 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வசதியான பாதை, இந்தியர்களுக்குக் கஷ்டமான பாதை என்று பிரித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே பெரிதாகக் கிளம்பியது. வெள்ளை வழி, கறுப்பு வழி என்றே பேசினார்கள்.

இலங்கையில் மூதூரில், 2006 ஆகஸ்ட் 4. பட்டினி ஒழிப்புக்காக வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர், பெரும்பாலோர் தமிழர்கள், அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சண்டை நடக்கும்போது அலுவலகத்துக்குள்ளேயே இருங்கள், அதுதான் பத்திரம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நிறுவனத்தின் டி-சர்ட் அவர்கள் உடம்பில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்று எழுதுகிற ஒவ்வொருவரும் மூதூரை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவன் அந்தச் சின்னத்தை மதிக்கிற வரைக்கும்தான் அந்தக் கதவு கதவு. இரண்டு வருடம் கழித்து, 2008 செப்டம்பரில், ஐ.நா. கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியது. போகாதீர்கள் என்று அலுவலக வாசலில் ஜனங்கள் திரண்டு நின்று கெஞ்சினார்கள். உள்ளூர்ப் பணியாளர்கள் பலர் குடும்பத்தோடு வன்னிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் ஐ.நா. தன் கடமையில் தவறியதாக அதன் சொந்த விசாரணைக் குழுவே 2012இல் அறிக்கை கொடுத்தது.

எல்லோரையும் எல்லை தாண்டிக் கூட்டிவர முடியாது, அது எனக்கும் தெரியும். பாஸ்போர்ட் இருக்காது, பக்கத்து நாடு விசா கொடுக்காது, வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு அவர்களே வரமாட்டார்கள். என் வாதம் ஒன்றே ஒன்று. யாருக்கு இடம், யாருக்கு இல்லை, இல்லாதவருக்கு என்ன செய்வோம் என்பதை வேலைக்குச் சேர்கிற அன்றே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பட்டியல் மேனேஜரின் லேப்டாப்பில் பூட்டிக் கிடக்கக்கூடாது. தனக்கு இடமில்லை என்று முன்பே தெரிந்தவர் குடும்பத்தை ஒரு வாரம் முந்தியே அனுப்பியிருப்பார். முன்பணத்தையும் கேட் மூடுகிற அன்றைக்குக் கொடுத்துப் பயனில்லை. வங்கி திறந்திருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள் என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். சப்-கான்ட்ராக்ட்டில் போகிற மெக்கானிக்கும் சமையல்காரரும் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலை பார்ப்பார்கள், பட்டியலில் பெயர் இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரையும் நிதானமாகப் படியுங்கள். நோய்வாய்ப்பட்டால் விமானத்தில் கொண்டுவருவது ஒன்று, கலவரத்திலிருந்து கொண்டுவருவது வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று அர்த்தமில்லை. பணியாளரைக் காப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. கென்யாவில் கடத்தப்பட்ட ஒரு பணியாளர் தொடுத்த வழக்கில் 2015இல் ஓஸ்லோ நீதிமன்றம், அவரை வேலைக்கு வைத்திருந்த நிவாரண நிறுவனத்தின் மேல் கடும் அலட்சியம் என்று தீர்ப்பளித்து நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சின்ன நோட்டாகக் கொஞ்சம் டாலர் வைத்திருங்கள், கசங்கிய பழைய நோட்டைப் பல ஊர்களில் வாங்கமாட்டார்கள். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். சூடானிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களில் அந்த அட்டை இல்லாதவர்களை, இங்கே இறங்கியதும் வீட்டுக்கு விடாமல் தனிமைப்படுத்தினார்கள். போய் இறங்கின வாரமே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாஸ்போர்ட் நகல், நிறுவனத்தின் தலைமை அலுவலக நம்பர், வேலை பார்க்கிற ஊரின் சரியான பெயர் இந்த மூன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆப்பிரிக்காவில் எங்கேயோ என்றால் யாராலும் தேட முடியாது. சண்டை தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் போட்டு அவருடைய பேட்டரியைத் தீர்க்காதீர்கள். அவர் எந்த ரோட்டில் எந்த வண்டியில் வருகிறார் என்பதை வாட்ஸ்அப் குரூப்பிலும் டிவிக்காரர்களிடமும் சொல்லாதீர்கள், அந்த ரோட்டில் ஆயுதத்தோடு நிற்பவர்களுக்கும் அது எட்டிவிடும். எல்லை தாண்டிவிட்டேன் என்று அவரே சொன்ன பிறகு தாராளமாகப் பேட்டி கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.