மைக்கு பஞ்சு ஆத்தோட போச்சு, கடுப்பு இன்னும் போகல

வணக்கம் மக்களே, காத்து சத்தம் கேட்டா திட்டாதீங்க. போன வீடியோல பெருமையா காட்டுனேன்ல 1,450 ரூவா மைக்கு, அதுக்கு மேல மாட்டுற பஞ்சு திருவையாறு படித்துறைல காவேரியோட போயிடுச்சு. தம்மாத்தூண்டு பஞ்சு, அத மட்டும் தனியா கேட்டா 180 ரூவாங்குறான்! தலகாணிய கிழிச்சு கொஞ்சம் புடுங்கி ரப்பர் பேண்டு போட்டிருக்கேன். சரி விடுங்க.

இன்னைக்கு ஊர் சுத்துற மூடு இல்ல. நேத்து தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு, காலேஜ் ரெண்டாவது வருஷம், கூட அசோகா அல்வா சாப்புட உக்காந்தேன். மணிக்கட்டுல வளையல் ஒடஞ்சு கீறுன காயம். என்னடின்னா, "அவன் கோவத்துல புடிச்சு இழுத்துட்டான்க்கா, பாசம் ஜாஸ்தி." பாசமாம்! "எங்கப்பா எங்கம்மாவ அடிச்சதெல்லாம் பாத்தா இது ஒண்ணுமே இல்ல"ன்னு சிரிப்பு வேற.

அந்த சிரிப்பு எனக்குத் தெரியும். எங்க வீட்டு கதை பழைய ஆளுங்களுக்குத் தெரியும்ல, அப்பாவோட டிவிஎஸ் 50 சத்தம் தெருமுனைல கேட்டாலே நான் டிவி சத்தத்த கொறைச்சுட்டு அம்மா மூஞ்சிய பாப்பேன். 22 வயசுல ஒருத்தன லவ் பண்ணப்ப அவன் போன் வந்தாலே வயித்துல அதே மாதிரி பகீர்னு இருக்கும், நான் அதுதான் லவ்வுன்னு நெனச்சுட்டேன்.

இத ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. அமெரிக்கால 1998ல வந்த ஏஸ் ஸ்டடில, அதாவது சின்ன வயசுல பட்ட கஷ்டம் பெருசானப்புறம் என்ன பண்ணுதுன்னு பாத்த ஆராய்ச்சில, அடி வாங்குறது மட்டும் இல்ல, அம்மா அடி வாங்குறத பாக்குறதையும் சின்ன வயசு பாதிப்பா கணக்குல எடுத்தாங்க. அதே டேட்டாவ வச்சு 2003ல பாத்தப்ப, அடி, பாலியல் கொடும, அம்மா அடி வாங்குனத பாத்தது, மூணும் இருந்த பொண்ணுங்க பெருசானதும் துணை கையால அடி வாங்குற வாய்ப்பு, இது எதுவும் இல்லாத பொண்ணுங்கள விட மூணரை மடங்குன்னு வந்துச்சு. பின்ன, சண்டைன்னா இப்படித்தான் முடியும்னு பாத்தே வளந்தா ஆபத்து எதுன்னே லேட்டாதான் ஒறைக்கும்.

அதுக்காக எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்னு இல்ல. எங்கக்காவும் அதே வீடுதான், ஒருத்தன் ஒரே தடவ குரல ஒசத்துனான், அன்னைக்கே கட். நான் ரெண்டு வருஷம் இழுத்தேன். தப்பு என்னோடதா? அடிச்சவனோடது. இதுல யாராச்சும் "பொண்ணு சரியா தேர்ந்தெடுக்கலாம்ல"ன்னு வந்தீங்க, நேரா பிளாக்குதான்.

ஆங், சொல்ல மறந்துட்டேன், "கல்யாணமே ஆகலையேக்கா, இத யார்கிட்ட போய் சொல்றது"ன்னு அந்த காலேஜ் பொண்ணு கேட்டுச்சு. 181, பெண்கள் உதவி எண், கல்யாணம் ஆயிருக்கணும்னு எந்த கண்டிஷனும் கெடையாது. நம்பர போன்ல போட்டுக் குடுத்தேன், பேரு "டெய்லர் அக்கா"ன்னு சேவ் பண்ணிக்கிச்சு. அவன் போன நோண்டுவானாம்.

பேசிட்டு இருக்கும்போதே அவன் அஞ்சு தடவ கூப்புட்டுட்டான். ஆறாவது தடவ எடுத்துச்சு. யார்கூட இருக்கன்னு போட்டோ அனுப்பச் சொன்னானாம். அசோகா இலையோட சேத்து என்னையும் ஒரு போட்டோ எடுத்து, "சிரிங்கக்கா"ன்னுச்சு. நான் சிரிக்கல.