பதினொரு மணிக்குத் தண்ணீர் வரும்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வ்லாக்

வணக்கம் மக்களே. மணி இப்போது பத்தே முக்கால். ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்திலுள்ள பீட்டர்ஹோஃப் அரண்மனைக்குக் கீழே, நீரூற்றுப் படிக்கட்டுகளுக்கு எதிரே நிற்கிறேன். எனக்குப் பின்னால் மின்னுகிறானே, சிங்கத்தின் வாயைப் பிளந்துகொண்டு, அவன்தான் பைபிளில் வரும் பலசாலி சாம்சன். பதினொரு மணிக்கு இசை போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்த நான்கு நாட்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம். நேவா நதிக்கரையோரம் பச்சையும் வெள்ளையுமாக நீண்டு கிடக்கும் குளிர்கால அரண்மனைதான் அதன் முக்கியக் கட்டடம். 1764இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் பெர்லின் வியாபாரி ஒருவரிடமிருந்து ஓவியங்கள் வாங்கினார். அங்கே தொடங்கிய சேகரிப்பு இன்று முப்பது லட்சம் பொருட்களைத் தாண்டிவிட்டது. ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள், கால்தான் வலிக்கும். யோர்தான் படிக்கட்டில் ஏறுங்கள், தங்க மயில் கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் நேராக டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் அறைக்குப் போய்விடுங்கள்.

அங்கே, பைபிள் கதையில் வரும் ஊதாரி மைந்தன் வீடு திரும்பும் ஓவியம் இருக்கிறது. ஆள் உயரத்தையும் தாண்டிய படம். மகன் நமக்கு முதுகைக் காட்டி, அப்பாவின் மடியில் முகம் புதைத்து மண்டியிட்டிருக்கிறான். செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது. நடந்து நடந்து தேய்ந்துபோன உள்ளங்கால் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்பாவின் இரண்டு கைகளும் அவன் முதுகில். உற்றுப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கை அகலமாக, உழைத்த ஆணின் கையாக இருக்கிறது. மற்றது விரல்கள் மெலிந்து, ஓர் அம்மாவின் கையைப் போல. எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அந்தச் சுவரில் இந்தப் படம் இல்லாத காலம் ஒன்று உண்டு. 1941 ஜூன் மாதம் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தது. அருங்காட்சியக ஊழியர்கள் இரவு பகலாகப் பெட்டி கட்டினார்கள். இரண்டு ரயில்களில் பதினோரு லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் யூரல் மலைப் பக்கம், இன்று யெகாதெரின்பர்க் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ரயில் கிளம்புவதற்குள் நகரம் முற்றுகைக்குள் சிக்கிவிட்டது. ஓவியங்களை எடுத்தவர்கள் அவற்றின் மரச்சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். திரும்பி வந்தால் எது எந்த இடம் என்று தெரிய வேண்டுமே!

முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. பசிக்குத் தச்சர்களின் பசையைக் காய்ச்சிக் குடித்த குளிர்காலம் அது. அந்த 1941 டிசம்பரில் உஸ்பெக் கவிஞர் நவாயியின் 500ஆவது ஆண்டு விழாவை ஹெர்மிடேஜுக்குள் நடத்தியிருக்கிறார்கள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத இளம் ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்தபடியே தன் மொழிபெயர்ப்பை வாசித்தார். பிறகு அவரும் பட்டினியில் இறந்துபோனார். பாவெல் குப்செவ்ஸ்கி என்ற வழிகாட்டி, உதவிக்கு வந்த படைவீரர்களை அந்த வெற்றுச் சட்டங்களின் முன்னால் கூட்டிப்போய், எதில் என்ன படம் இருந்தது என்று நினைவிலிருந்தே விளக்கியிருக்கிறார். 1945 அக்டோபரில் ஓவியங்கள் திரும்பி வந்தன. நான் பார்த்த படமும் அப்படி ஊர் போய்த் திரும்பியதுதான்.

இரண்டாம் நாள் ஊருக்குத் தெற்கே சார்ஸ்கொயெ செலோ, கேத்தரின் அரண்மனை. அம்பர் அறைக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். அம்பர் என்பது காலங்காலமாக மண்ணுக்குள் இறுகிக் கல்லான மரப்பிசின். சுவர் முழுக்கத் தேன் நிறம், வெல்லப்பாகு நிறம், சில இடங்களில் எலுமிச்சை மஞ்சள். 1716இல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் மன்னர், ரஷ்ய மன்னர் மகா பீட்டருக்குக் கொடுத்த பரிசு. 1941இல் அதைக் கழற்றப் பார்த்தால் கையோடு உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் மேலே சாதாரணச் சுவர்க் காகிதத்தை ஒட்டி மறைத்தார்கள். பலிக்கவில்லை. ஜெர்மானியர்கள் கண்டுபிடித்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அது கிடைக்கவே இல்லை. இன்று நாம் பார்ப்பது பழைய புகைப்படங்களை வைத்து 1979இல் தொடங்கி 2003இல் முடித்த மறு ஆக்கம். 24 வருட வேலை! இதைப் போலி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கையகலத் துண்டில்கூட எத்தனை சில்லுகள், எத்தனை நிறங்கள் என்று கிட்டப் போய்ப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் குன்ஸ்ட்கமேரா. 1714இல் பீட்டர் தொடங்கியது, ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகம். விசித்திர உடல்களைப் பதப்படுத்தி அவர் சேர்த்த ஜாடிகளைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம். நான் போனது வேறு ஒருவரை நினைத்து. அலெக்சாந்தர் மெர்வார்ட்டும் அவர் மனைவி லியூத்மிலாவும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து இந்த அருங்காட்சியகத்துக்காகப் பொருட்கள் சேகரித்தார்கள். மெர்வார்ட் தமிழ் கற்றுக்கொண்டார். லெனின்கிராதில், அதாவது அன்று அந்தப் பெயரில் இருந்த இதே ஊரில், தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1929இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணமே எழுதினார். எழுத்துத் தமிழுக்கு இல்லை மக்களே, நாம் வீட்டில் பேசும் தமிழுக்கு! அடுத்த ஆண்டே ஸ்டாலின் ஆட்சியில் கைதானார். 1932இல் சிறை முகாமிலேயே இறந்தார். இந்தியப் பகுதியில் நின்று அவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

சரி, வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் எதுவும் இங்கே வேலை செய்யாது, கையில் ரொக்கம் வேண்டும். ஹெர்மிடேஜுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

மணி பத்து ஐம்பத்தைந்து. கூட்டம் நெருங்குகிறது. இந்தச் சாம்சனும் பழையவன் இல்லை. போரில் இந்த அரண்மனை எரிந்து வெறும் சுவராக நின்றது. அசல் சாம்சன் காணாமல் போனான். 1947இல் புதிதாகச் செய்து, லாரியில் ஏற்றி நேவ்ஸ்கி சாலை வழியாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீடு வாசல் இல்லாமல் மக்கள் தவித்த நேரத்திலும் இவனை எழுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த நீரூற்றுகளுக்கு மோட்டார் கிடையாது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ரோப்ஷா மேட்டில் ஊறும் நீர் கால்வாய், மதகு, குளம் என்று 300 வருடங்களாகச் சரிவிலேயே ஓடி வருகிறது. அந்த உயர வித்தியாசம் தரும் அழுத்தம் ஒன்றால்தான் சாம்சனுக்கு முன்னால் தண்ணீர் 20 மீட்டர் எழும்புகிறது.

இசை கேட்கிறதா? மேல் படியில் பாருங்கள், வெள்ளையாக... வருகிறது, வருகிறது. பேச்சை நிறுத்திக்கொள்கிறேன், நீங்களே பாருங்கள்.